காயத்துக்கு அல்ல, ஜன்னலுக்கு

1

கொலை செய்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கொலை நடந்த அறையின் சுவர்த்தாளில் எத்தனை நிறம் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மூன்று. கடுகு மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம், நடுவில் ஒரு பாசிப்பச்சை.

நாங்கள் நார்வேக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இருப்பது பெர்கன் என்னும் ஊர். நம் ஊரில் மழை வந்தால் செய்தி. இங்கே மழை நின்றால் செய்தி. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏதாவது ஒரு தொடர் பார்ப்போம். இந்தக் குளிருக்கு வாய்த்தது, அறுபதுகளின் கடைசியில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் நடக்கும் கதை. ஒரு தபால்காரர் குடும்பம், ஒரு கொலை, எல்லார் மேலும் சந்தேகம். என் கணவர் கதையைப் பார்ப்பார். நானும் எங்கள் மகள் ரூத்தும் வீட்டைப் பார்ப்போம்.

அப்படி ஒரு வீடு! தொலைபேசிக்கென்று தனியாக ஒரு குட்டி மேஜை, அதோடு ஒட்டினாற்போல உட்கார்ந்து பேச ஒரு இருக்கை. சாப்பாட்டு மேஜையின் மேல் தலையில் இடிக்கிற அளவு தாழ்வாகத் தொங்கும் ஆரஞ்சு விளக்கு. சுவர் நீளத்துக்குத் தேக்குப் பெட்டி ஒன்று, அதற்குக் கொக்கின் கால்களைப் போல மெலிந்த கால்கள். அவ்வளவு பெரிய பெட்டி இவ்வளவு சின்னக் காலில் எப்படி நிற்கிறது என்று நானும் மகளும் காட்சியை நிறுத்தி வைத்து ஆராய்ந்தோம்.

"அங்க ஒரு மனுசன் செத்துக் கெடக்கான். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்க ஸ்டூலைப் பாக்குறீங்க" என்றார் மதுரைக்காரரான என் கணவர்.

ரூத் ஆராய்ந்ததற்குக் காரணம் உண்டு. இருபத்து நான்கு வயதாகிறது, வேலையும் கிடைத்துவிட்டது. இந்த ஊர் வழக்கப்படி போன மாதம் தனிவீடு பார்த்துப் போய்விட்டாள். தனிவீடு என்றால் ஒன்றரை அறை. பஸ்ஸில் பதினைந்து நிமிடம்தான், சனிக்கிழமை தொடருக்கு வந்துவிடுவாள். இருந்தாலும் அவள் இருந்த அறையைப் பெருக்கும்போது எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். தன் ஒன்றரை அறையை அந்தத் தபால்காரர் வீட்டைப் போலவே அமைத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். யாரோ வேண்டாம் என்று தள்ளிய ஐம்பது வருடப் பழைய விளக்கு ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, அதன் மேலிருந்த அழுக்கைத் துடைக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தாள்.

நான்காம் பகுதியில் தபால்காரரின் மனைவி ஜன்னலோரம் வந்து நின்றாள். வெயில் அடித்தது. வெள்ளைத் திரை லேசாக ஆடியது.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன்.

கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பேண்டேஜ் துணி" என்றேன்.

2

இராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் நூல் மில்லில் இருப்பார்கள்; மீதிப் பேரில் கணிசமானவர்கள் காயத்துக்குக் கட்டும் துணி நெய்வார்கள். என் அப்பா இரண்டாவது வகை. செட்டியார்பட்டி போகும் பாதையில் ஆறு தறி வைத்திருந்தார். எனவே அந்தத் துணியை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். நெருக்கமே இல்லாத நெசவு, கை பட்டால் நகரும் இழைகள், வெளிச்சம் விழுந்தால் கோணிக்கொள்ளும் சின்னச் சின்னக் கட்டங்கள். போதாததற்குத் தபால்காரர் வீட்டுத் திரையில் மேலிருந்து கீழ்வரை ஓர் இழை விட்டுப்போயிருந்தது. அப்பா பார்த்திருந்தால் "டேமேஜ்" என்று சொல்லித் தனியே எடுத்து வைத்திருப்பார்.

டேமேஜ் ஆனதெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பால் வடிகட்ட அது. வடகத்தைக் காக்கை கொத்தாமல் மூட அது. ரேடியோவுக்குப் போர்வை அது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனியும் அதுதான். இராஜபாளையத்தில் இயேசு பாலகன் பேண்டேஜ் துணியில்தான் படுத்திருப்பார். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் திரை அதே துணி, இரண்டு மடிப்பாக.

"ஆஸ்பத்திரிக்குப் போற துணிட்டி இது. நம்ம வீட்டுக்கு வாரதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்பார் அப்பா. பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டுக்கு 'ஆஸ்பத்திரி வீடு' என்று பெயர். யாருக்குக் கொடுப்பினை என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் திரைக்கு ஒரு குணம் இருந்தது. உள்ளறை இருட்டு, முன்னறை வெளிச்சம். உள்ளே நிற்பவருக்கு முன்னறையில் இருப்பவர் மீசையில் எத்தனை நரை என்பது வரை தெரியும். அவருக்கு உள்ளே இருப்பவரின் நிழல்கூடத் தெரியாது. அம்மா அதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினார். வந்தவரைத் திரை வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீரா, காப்பியா, காப்பியோடு முறுக்குமா என்று முடிவு செய்வார். போதகருக்கு முறுக்கு உண்டு. இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் எட்டு வருடம் வந்தார், தண்ணீரைத் தாண்டவில்லை.

பெண் பார்க்க வரும்போதும் அதே திரைதான். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை முதலில் பெண் பார்ப்பாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். பிடித்திருந்தால் காப்பித் தட்டை அவளே எடுத்துக்கொண்டு வெளியே போவாள். பிடிக்கவில்லை என்றால் தட்டை அம்மா எடுத்துப் போவார். அவ்வளவுதான், வாய்ப்பேச்சு கிடையாது, யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. என் அத்தை, அப்பாவின் தங்கை, இப்படி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். ஒருவர் மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றாராம். இன்னொருவர் வந்ததிலிருந்து ஷோகேஸ் கண்ணாடியில் தன் கிராப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்றாவது ஆளுக்கு அத்தை தானே தட்டை எடுத்தாள்.

இதையெல்லாம் ரூத்துக்குச் சொன்னேன். தொடர் அப்படியே நின்றிருந்தது, தபால்காரரின் மனைவி ஜன்னலோரம் காத்திருந்தாள். "அம்மா, இது எவ்வளவு வடிவான ஏற்பாடு!" என்றாள் ரூத். அவள் தமிழ் படித்தது இங்கே ஈழத்துக்காரர்கள் நடத்தும் சனிக்கிழமைப் பள்ளியில். அழகு என்று எங்களுக்கு வருவது அவளுக்கு வடிவு என்றுதான் வரும்.

அந்த வடிவான ஏற்பாட்டைக் கெடுத்தவள் நான் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

3

என் அக்கா கிரேஸைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். எனக்கு அப்போது பதினைந்து வயது. உலகத்தில் எல்லாவற்றைப் பார்த்தும் வெட்கப்படுகிற வயது. வாத்தியார் வந்து உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தால் பேண்டேஜ் துணி தொங்குகிறது. என்ன நினைப்பார்?

என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் மாம்பழ நிறத்தில் வெல்வெட் திரை இருந்தது. தெலுங்கு பேசுகிற வீடு. ஓடிப்போய்க் கேட்டேன். அவள் அம்மா "தீஸ்கோம்மா, தீஸ்கோ" என்று கழற்றியே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு எங்கள் திரையைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்துவிட்டு வெல்வெட்டை மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

உள்ளறையில் அக்கா என் கையைக் கிள்ளினாள். "ஏட்டி, ஒண்ணுமே தெரியலையே!"

"பாக்க நல்லாத்தானக்கா இருக்கு" என்றேன்.

கேட்டதெல்லாம் குரல்கள்தான். மாப்பிள்ளையின் அப்பா பேசினார், சித்தப்பா பேசினார். மாப்பிள்ளை பேசியது ஒரே தடவை: "தண்ணி போதும்." அம்மா காப்பித் தட்டை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார், நீயா நானா என்பது போல. அக்கா தலையைக் குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்காமலே தட்டை எடுத்த முதல் பெண் என் அக்கா. காரணம் நான்.

நானோ மதுரைக் கல்லூரியில் என் கணவரை இரண்டு வருடம் எல்லா வெளிச்சத்திலும் பார்த்துவிட்டுத்தான் கட்டிக்கொண்டேன். அத்தானாகிவிட்ட அந்தக் கணக்கு வாத்தியார் நல்லவர், அதில் குறையில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று யாரோ அளந்து கொடுத்தது போலப் பேசுவார். எந்தப் புகைப்படத்திலும் அக்காவிடமிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார். சீமைக்குப் போன தங்கச்சியிடம் சொல்லிச் சிரிக்க அக்காவுக்கு அது போதும். அத்தானுக்கு ஆலங்குளத்துக்கு வேலை மாற்றலாகி, சிமெண்ட் ஆலைத் தூசியை ஐந்து வருடம் துடைத்தாளே, அப்போது சொன்னாள்: "எல்லாம் உன் வெல்வெட்டால வந்ததுட்டி." அத்தான் வெளியூர்க் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றால் வெல்வெட். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனால் வெல்வெட்.

நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு சிரிப்பு தங்காது, சுருங்கும். அக்கா சந்தோஷமாகத்தான் இருக்கிறாளா, நான் திரையை மாற்றாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் தட்டை எடுத்திருப்பாளா? இந்தக் கேள்வியை அவளிடம் நேராகக் கேட்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. பதிலாக ஞாயிறு தவறாமல் கூப்பிட்டுவிடுவேன். காய்ச்சலில் கிடந்தபோதும் கூப்பிட்டேன்.

4

ரூத்துக்கு அந்தத் துணி வேண்டும். அக்காவிடம் சொன்னேன்.

"இருபது மீட்டரா? ஏட்டி, அங்க யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. ஜன்னலுக்கு."

"நீதான அதைப் பரண்ல தூக்கி எறிஞ்சே?"

"இப்ப அது பேஷன்க்கா. டிவியில எல்லாம் வருது."

"எம்புட்டு வருசம் கழிச்சு வருது பாத்தியா, நம்ம அப்பாவுக்குப் பேஷன்!" என்று சிரித்தாள்.

அப்பாவின் தறிகள் கைமாறி நாளாகிவிட்டது. அத்தான்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ் ஏறி இராஜபாளையம் போய்த் துணி வாங்கி வந்தார். பார்சலுக்குள் அக்கா பால்கோவாவை ஒளித்து வைத்தாளாம். அத்தான் வெளிநாட்டு அஞ்சல் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, அதைத் தேடி எடுத்து வெளியே வைத்துவிட்டார். படிவத்தில் என்ன பொருள் என்ற இடத்தில், திரைத் துணி என்று எழுதியிருக்கலாம். கணக்கு வாத்தியார் உள்ளதை உள்ளபடி எழுதினார்: சர்ஜிக்கல் காஸ் துணி, நூறு சதம் பருத்தி, ஸ்டெரைல் செய்யப்படாதது.

மூன்று வாரத்தில் சுங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மருத்துவப் பொருள் இறக்குமதி செய்ய எனக்கு அனுமதி இருக்கிறதா? கிருமி நீக்காத காயத்துணியை யாருக்குப் பயன்படுத்தப் போகிறேன்? இந்த நாட்டுக் கடிதங்கள் மிகவும் மரியாதையாக இருக்கும். படித்து முடிக்கும்போது நாம் என்ன குற்றம் செய்தோம் என்று தேடத் தொடங்கிவிடுவோம். போன் செய்தேன். இருபத்தாறு வருடமாகப் பேசுகிற மொழி அரசாங்க அலுவலகம் என்றதும் எனக்கு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மனப்பாடம் செய்துவைத்த வாக்கியங்கள் எல்லாம் போய், கடைசியில் "காயத்துக்கு அல்ல, ஜன்னலுக்கு" என்பதை மட்டும் நான்கு தடவை சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமைசாலி. இந்தத் துணியைத் திரையாகப் பயன்படுத்துவது உங்கள் ஊர் வழக்கம் என்றால், அதற்கு ஒரு புகைப்படம் அனுப்புங்கள், போதும் என்றாள்.

அக்காவைக் கேட்டேன். அவள் ஆல்பங்களை எல்லாம் கவிழ்த்துத் தேடினாள்.

"நம்ம முன்ரூம் தெரியுத மாதிரி ஒரே ஒரு போட்டோதான் இருக்கு, புனிதா."

"அனுப்புக்கா!"

"அனுப்புதேன். ஆனா அன்னைக்குத் தொங்குனது உன் வெல்வெட்டு."

பெண் பார்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா எடுத்த படம். மாம்பழ நிறத் திரைக்கு முன்னால் அக்கா காப்பித் தட்டோடு நிற்கிறாள். சுங்க இலாகாவுக்கு உதவாது. நான் மட்டும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி கண்டுபிடித்தது ரூத். தொடரை நான்காம் பகுதியில் நிறுத்தி, தபால்காரர் வீட்டு ஜன்னலைப் படம் பிடித்து, திரையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, இதுதான் அந்தத் துணி, என் அம்மாவின் அப்பா இதை நெய்தவர் என்று எழுதி அனுப்பினாள். மறுநாளே போனில் பேசிய அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. பார்சல் விடுவிக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அந்தத் திரையைத் தானும் கவனித்ததாகவும், கொலைகாரன் யார் என்று சொல்லிவிட வேண்டாம், இன்னும் இரண்டு பகுதி பாக்கி என்றும் ஒரு வரி. என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது!

5

ஞாயிற்றுக்கிழமை ரூத்தின் வீட்டில் திரை மாட்டினோம். ஆரஞ்சு விளக்கு, கொக்குக்கால் மேஜை, இராஜபாளையத்து பேண்டேஜ். சும்மா சொல்லக் கூடாது, தபால்காரரே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஊரில் திரையை யாரும் மூட மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் விளக்கை ஏற்றி வைத்துத் தெருவுக்கே வீட்டைக் காட்டுவார்கள். ரூத்தும் ஒதுக்கிக் கட்டினாள். அக்காவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம். பின்னால் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"தொறந்து போடுததுக்கு எதுக்குத் திரை?" என்றாள் அக்கா. "சரி ரூத்து, மாப்பிள்ள யாரும் வாரானா? உள்ள நின்னு பாரு, நல்லாத் தெரியும்."

"அவரை நான் ஏற்கெனவே பார்த்திட்டன் பெரியம்மா. ஒரு வருசமாப் பார்க்கிறன்."

எனக்கு இது செய்தி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"நீங்கள் பெரியப்பாவைப் பார்க்காமலே ஓம் எண்டு சொன்னீங்களாமே. அம்மா வெல்வெட் போட்டதால. அதில உங்களுக்கு இப்பவும் கவலையோ?"

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான். நான் இத்தனை வருடமாக விழுங்கிக்கொண்டிருந்ததைக் காப்பியில் சர்க்கரை போதுமா என்பது போலக் கேட்டுவிட்டாள்.  

அக்கா ஒருமுறை திரும்பி அத்தானைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா பாக்கலைன்னு?" என்றாள். "அந்த வெல்வெட்டு நம்ம கதவு நெலைக்கு ஒரு சாண் குட்டைட்டி. கீழ காலு மட்டும் தெரிஞ்சுது. அவிய அப்பா காலு, சித்தப்பா காலு எல்லாம் சும்மா இருந்துச்சு. அவிய காலு மட்டும், பெருவெரல வச்சித் தரையில கோலம் போட்டுக்கிட்டே இருக்கு. நாமதான வெக்கத்துல அப்படிப் போடுவோம்னு சொல்லுவாவ? இங்க ஒரு ஆம்பிள போடுதாவ. நம்மளைவிடப் பயந்துபோய் உக்காந்திருக்காவளேன்னு எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பாவமாவும் இருந்துச்சு. தட்டை வாங்கிட்டுப் போனேன். மூஞ்சியப் பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன், அம்புட்டு உர்ருன்னு இருந்தாவ."

ரூத் கைகொட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பொறவு ஏங்க்கா இத்தனை வருசமா எல்லாத்துக்கும் வெல்வெட்டு வெல்வெட்டுன்னு சொன்னே? நான் எம்புட்டு வேதனைப்பட்டேன் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். குரல் மாறியிருந்தது. "தெரிஞ்சுதான் சொன்னேன். நீ அங்க போன மொத வருசம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் பேசுனே. வெல்வெட்டுன்னு ஒருநா வெளையாட்டாச் சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கெழம போன் வந்துச்சு. அதுக்கடுத்த ஞாயிறும் வந்துச்சு. அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. எனக்குன்னு நீ ஒருத்திதான். நீயும் அந்த ஊர்க்காரியா ஆயிட்டேன்னா நான் என்ன செய்ய? அதான், விடாமச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"இப்ப ஒண்ணும் இல்லைன்னு ஆயிப்போச்சு. இனிமே போன் பண்ணுவியா?"

"நான் பண்ணுவன் பெரியம்மா!" என்றாள் ரூத்.

"நீ பண்ணுவே. நான் அவளக் கேக்கேன்."

தலையாட்டினேன். அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, அத்தான் காப்பி கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போகிற வழியில், பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று கூப்பிட்டேன். அக்கா பதறிப்போய் எடுத்தாள்.

"என்னட்டி இந்நேரத்துல? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சரி" என்றாள் பிறகு. "சும்மாவே பேசு."